பல எழுத்துமுறைகளில் ஒரே சுவரொட்டி: கூட்டாகச் செய்வது எப்படி

முதலில் ஆள் சேருங்கள், எழுத்துரு பிறகு. ஒவ்வொரு மொழிக்கும் அதை அன்றாடம் வாசிக்கிற ஒருவர் தொடக்கத்திலிருந்தே வேண்டும். கடைசியில் பிழை பார்க்க மட்டும் அழைத்தால் அவர் சொல்லும் திருத்தத்துக்கு இடமே இருக்காது. வாசகங்களைப் படமாக வாங்காதீர்கள். யூனிகோடு உரையாக, ஒரே பகிர்கோப்பில் வாங்குங்கள்.

எழுத்துருவுக்கு, பல எழுத்துமுறைகளுக்கும் கூகுள் வெளியிட்ட நோட்டோ (Noto) எழுத்துருக் குடும்பம் நல்ல தொடக்கம். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவிக்கொள்ளலாம்.

அதிகம் சறுக்குவது எழுத்துக் கோர்ப்பில்தான். ‘கொ’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் முளைத்தாலோ மென்பொருளின் வரியமைப்பி (எழுத்துகளைக் கோர்த்து வரியாக அடுக்கும் பகுதி) தவறு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ வகைக்கு மாற்றுங்கள். அதே கோளாறில் அரபு எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக, திசை மாறி நிற்கும்.

எழுத்து இடைவெளியைக் கூட்டும் ஆசை வேண்டாம். அரபின் இணைப்பு அறும், தேவநாகரியின் தலைக்கோடு துண்டாகும்.

ஒரே புள்ளி (பாயிண்ட்) அளவு கொடுத்தால் எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரியாது. ஆங்கிலம் 24 புள்ளி என்றால் தமிழை 22இல் வைத்து, தாளில் அச்செடுத்து, 2 மீட்டர் தள்ளி நின்று ஒப்பிடுங்கள். வரி உயரம் தமிழுக்கு 1.5 மடங்கு, சரிந்து இறங்கும் நஸ்தலீக் என்ற உருது எழுத்துநடைக்கு 2 மடங்கு வரை தேவைப்படும்.

அச்சுக்கான பிடிஎஃப்பை ஒவ்வொரு மொழிக்காரரும் வாசித்து ஒப்புதல் தந்தபிறகே எழுத்துகளை வடிவக்கோடுகளாக (அவுட்லைன், உரையாகத் திருத்த முடியாத வரைவடிவம்) மாற்றுங்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியே வைத்திருங்கள்.