பேஸ்பால் பார்க்க எந்த ஆப்? முதலில் ஜிப் கோடைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "ஏனுங்கண்ணா, இங்க எல்லாரும் கப்ஸ், கப்ஸ்ங்கறாங்களே, அந்த மேட்ச் பார்க்க எந்த ஆப் போடணும்?" கப்ஸ் என்பது சிகாகோவின் பேஸ்பால் அணி. நாங்கள் இருப்பது அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரத்தில். பேஸ்பால் விஷயத்தில் அமெரிக்காவிலேயே பதில் சொல்லச் சங்கடமான ஊர்களில் இதுவும் ஒன்று என்பது அவருக்குத் தெரியாது.

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவருக்கு இந்தச் சங்கடம் புரியாது. அங்கே 2023 முதல் 2027 வரைக்குமான உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டார்கள். பார்க்கிறவருக்கு டிவிக்கு ஒரு சேனல், போனுக்கு ஒரு ஆப், வேலை முடிந்தது. இங்கே 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் சீசனுக்கு 162 ஆட்டங்கள், மொத்தம் 2,430. இவற்றைச் சந்தையில் தக்காளி விற்பதுபோலக் கூறு கட்டி விற்கிறார்கள். எந்தக் கூறு யாரிடம் போயிருக்கிறது என்று தெரியாமல் சந்தா கட்டினால் கறுப்புத் திரையைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பி நான் சொல்வதற்குள்ளேயே ஒரு சந்தா கட்டி, அதையும் பார்த்துவிட்டார். அவருக்குச் சொன்னதை 2026 சீசன் நிலவரப்படி இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஜிப் கோடைப் போட்டுப் பாருங்கள்

அணியை அப்புறம் பார்க்கலாம், ஆப்பையும் அப்புறம் பார்க்கலாம். இந்த 30 அணிகளும் ஆடும் லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் (எம்.எல்.பி.) தளத்தில், பிளாக்அவுட், அதாவது ஆட்டத்தை மறைப்பது, பற்றிய உதவிப் பக்கத்தில் ஜிப் கோடைக் (நம்ம ஊர் பின்கோடு மாதிரி) கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்கள் எண்ணைப் போட்டால் உங்களுக்கு எந்தெந்த அணிகள் மறைக்கப்படும் என்று பட்டியல் வரும். எங்கள் ஊர் எண்ணைப் போட்டால் வருவது ஆறு அணிகள்: சிகாகோ கப்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சஸ் சிட்டி ராயல்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ், மின்னசோட்டா ட்வின்ஸ்.

காரணம் இதுதான். ஒவ்வொரு அணிக்கும் 'உன் எல்லை இதுவரை' என்று லீக் ஒரு வட்டாரம் ஒதுக்கியிருக்கிறது. அந்த வட்டாரத்துக்குள் அணியின் ஆட்டத்தைக் காட்டும் உரிமை உள்ளூர் ஒளிபரப்பாளருக்கு மட்டுமே. நாடு முழுக்க விற்கும் எம்.எல்.பி. டிவி சந்தா அந்த வட்டாரத்தில் அந்த அணியை மறைத்துவிட வேண்டும். அயோவாவுக்கென்று மேஜர் லீக் அணி கிடையாது. அதனால் சுற்றியிருக்கும் ஆறு அணிகளும் எங்களைத் தங்கள் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டன. அந்த மைதானங்களில் மிகப் பக்கத்தில் இருப்பதற்கே காரில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போக வேண்டும். கல்யாண வீட்டில் ஆறு பேர் வந்து 'இவர் எங்க சொந்தம்' என்று கையைப் பிடிக்கிறார்கள், பந்தியில் உட்கார வைக்கத்தான் ஒருவரும் இல்லை.

புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'கப்ஸ் இன்றைக்கு ஃபுளோரிடாவில்தானே ஆடுகிறது, அப்படியென்றால் தெரியும்' என்று நினைத்துவிடுவார்கள். தெரியாது. ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது கணக்கில் வராது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அதே சந்தாவோடு வேலை விஷயமாக டல்லாஸ் போனால் கப்ஸ் தெரியும், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மறைந்துபோகும்.

படி 2: உங்கள் அணி உள்ளூரா, வெளியூரா?

வெளியூர் என்றால் சுலபம். எம்.எல்.பி. டிவி போதும். 2025இல் சீசன் முழுவதற்கும் 149.99 டாலர் வாங்கினார்கள். 2026 முதல் அதை விற்பது இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் சேனல், அதனால் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். டெ மாய்னில் இருந்துகொண்டு உங்களுக்குப் பிடித்தது பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்றால் ஒரு சிக்கலும் இல்லை. அந்தத் தம்பிக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்: "கப்ஸை விடுங்க, பாஸ்டனைப் பிடிங்க." ஆபீசில் எல்லோரும் கப்ஸ் பேசும்போது நான் மட்டும் பாஸ்டனா என்றார். அதுவும் நியாயம்தான்.

உள்ளூர் என்றால் அந்த அணியின் உள்ளூர் உரிமை யார் கையில் இருக்கிறது என்று தேட வேண்டும். கதை நீளுவது இங்கேதான்.

ரொம்ப காலம் இந்த உரிமையெல்லாம் வட்டார விளையாட்டுச் சேனல்களிடம் இருந்தது. கேபிள் பில்லில் அந்தச் சேனலுக்கும் சில டாலர்கள் சேர்ந்திருக்கும். பேஸ்பாலைத் திரும்பிப் பார்க்காத வீட்டுக்காரரும் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தை நம்பித்தான் 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு டைம் வார்னர் கேபிள் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்புறம் ஜனங்கள் கேபிளை வெட்ட ஆரம்பித்தார்கள். பார்க்காதவர் கட்டிய பணம் முதலில் நின்றது. பல அணிகளின் உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. சான் டியகோ பாட்ரேஸுக்குத் தர வேண்டிய தவணையைத் தரவில்லை. மே 31 அன்று லீக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒளிபரப்பில் இறங்கியது. ஜூலையில் அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கும் அதே கதை.

பார்க்கிறவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. லீக் எடுத்து நடத்தும் அணிகளுக்கு உள்ளூர்க்காரரும் கேபிள் இல்லாமல் நேரடியாகச் சந்தா கட்டலாம். மின்னசோட்டா ட்வின்ஸ் 2025இல் இந்த வழிக்கு வந்தது. ஆக, அயோவாவில் எங்களை மறைத்த ஆறில் ட்வின்ஸ் பக்கம் கதவு திறந்தாயிற்று. நியூயார்க்கில் வேறு மாதிரி: யாங்கீஸின் சேனலில் அமேசானுக்கும் பங்கு உண்டு, 2022 முதல் யாங்கீஸின் சில ஆட்டங்களை உள்ளூர்க்காரர்கள் பிரைமில் பார்த்தார்கள்.

படி 3: கிழமையைப் பாருங்கள்

சந்தா கட்டியாயிற்று, ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி திடீரென்று ஆட்டத்தைக் காணோம். பதறாதீர்கள், அது ஆப்பிள் எடுத்துக்கொண்ட கூறு. 2022 முதல் வெள்ளிதோறும் இரண்டு ஆட்டங்கள் ஆப்பிள் டிவியில் மட்டும்தான். உள்ளூர்ச் சேனலிலும் வராது. இதில் பிளாக்அவுட் கிடையாது என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு வெள்ளிதான் நல்ல நாள்.

ஞாயிறு ராத்திரி ஆட்டம் 1990 முதல் இ.எஸ்.பி.என்.னின் சொத்து. 2026இல் அது என்.பி.சி. சேனலுக்கும் அதன் ஸ்ட்ரீமிங் ஆப்பான பீகாக்குக்கும் போய்விட்டது. அன்றைக்கு என்.பி.சி.யில் வேறு விளையாட்டு இருந்தால் பேஸ்பாலைப் பீகாக் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஞாயிறு பகல் ஆட்டமும் பீகாக்தான். செவ்வாய்க்கிழமை டி.பி.எஸ்., சனிக்கிழமை ஃபாக்ஸ். நெட்ஃபிளிக்ஸுக்கு மூன்றே மூன்று: சீசனின் முதல் ராத்திரி ஆட்டம், ஜூலையில் நடக்கும் ஹோம் ரன் டெர்பி (யார் அதிக ஹோம் ரன் அடிப்பது என்ற போட்டி), ஆகஸ்டில் ஒரு சிறப்பு ஆட்டம்.

ஒரு சின்ன யோசனை: ஃபாக்ஸும் என்.பி.சி.யும் காற்றிலேயே இலவசமாக வருகின்றன. ஜன்னலோரம் ஒட்டிவைக்கும் ஆன்டெனா ஒன்றை வாங்கிவிட்டால் அந்த இரண்டுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. இளைஞர்கள் இதை ஏனோ நம்புவதே இல்லை.

படி 4: யாருக்கு எது வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனாலும் மேட்ச் தெரியும். ஆனால் அடுத்த வருடம் எது எங்கே போகும் என்று ஊகிக்க இது உதவும்.

2025 சீசன் வரை இ.எஸ்.பி.என். வருடத்துக்கு சுமார் 55 கோடி டாலர் கட்டிக்கொண்டிருந்தது. அதே சமயம் ஆப்பிள் கொடுத்தது சுமார் 8.5 கோடி. ஞாயிறு பகல் ஆட்டத்துக்குப் பீகாக் கொடுத்தது சுமார் 3 கோடி. 2024இல் அதே ஆட்டத்தை ரோக்கு என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் சுமார் 1 கோடிக்கு வாங்கிப் போனதாகச் செய்தி. 'அவர்கள் சில்லறைக்கு வாங்குகிறார்கள், நான் மட்டும் இவ்வளவு ஏன் தர வேண்டும்' என்று கேட்டு 2025 பிப்ரவரியில் இ.எஸ்.பி.என். விலகுவதாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் நவம்பரில் ஏறக்குறைய அதே பணத்துக்குத் திரும்பி வந்தது. ஆனால் கையில் எடுத்த கூறு வேறு: ஞாயிறும் பிளேஆஃபும் இல்லை; எம்.எல்.பி. டிவியும், ஆறு அணிகளின் உள்ளூர் ஸ்ட்ரீமிங்கும், வாரநாட்களில் 30 ஆட்டங்களும்.

ஸ்ட்ரீமிங்காரருக்கு வேண்டியது மாதாமாதம் சந்தாவை நிறுத்தாத ஆள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தினமும் ஆட்டம் இருக்கும் விளையாட்டு இதற்குத் தோது, இ.எஸ்.பி.என். இதைத்தான் பிடித்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வேறு. 162 ஆட்டம் அதற்குப் பாரம். ஒரே ராத்திரி ஊரே பார்க்கும் திருவிழா போதும். ஜப்பானில், நாடுகள் மோதும் 2026 வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக்கின் 47 ஆட்டங்களையும் மொத்தமாக வாங்கியதும் ஜப்பானிய நட்சத்திரம் ஓட்டானி ஆடும்போது அங்கே அது திருவிழா என்பதால்தான்.

நாடு முழுக்கக் காட்டும் உரிமைகள் எல்லாம் 2028 சீசனோடு முடியும்படி வைத்திருக்கிறார்கள். அதற்குள் உள்ளூர் உரிமைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்க வேண்டும் என்பது லீக் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட்டின் ஆசை. நடந்தால் பிளாக்அவுட் தொலையும். 835 கோடி ஒப்பந்தம் கையில் இருக்கும் டாட்ஜர்ஸும் சொந்தச் சேனலில் பங்கு வைத்திருக்கும் யாங்கீஸும் சும்மா தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

படி 5: அக்டோபருக்குத் தனிப் பட்டியல்

பிளேஆஃப் வந்துவிட்டால் உள்ளூர், வெளியூர் எல்லாம் கிடையாது. முதல் சுற்றான வைல்டு கார்டு என்.பி.சி., பீகாக், அதற்கடுத்த சுற்றுகள் ஃபாக்ஸ், டி.பி.எஸ்.; இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரீஸ் ஃபாக்ஸ். எம்.எல்.பி. டிவியை நம்பி அந்த மாதம் உட்காராதீர்கள்.

கறுப்புத் திரை வந்தேவிட்டால்

மறைக்கப்பட்ட ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து எம்.எல்.பி. டிவியில் முழுதாகப் பார்க்கலாம். அதுவரை வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருக்க வேண்டும். இன்னொன்று ரேடியோ. லீக்கின் ஆடியோ சந்தாவுக்குப் பிளாக்அவுட் இல்லை, விலையும் குறைவு. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கப் பேஸ்பாலைப்போல வாகான விளையாட்டு இல்லை. வி.பி.என். போட்டு இடத்தை ஏமாற்றலாமா என்று கேட்பீர்கள். சந்தா விதிக்கு விரோதம், ஆளை விடுங்கள்.

தம்பி கடைசியில் எடுத்தது ஆடியோ சந்தாவும் ஓர் ஆன்டெனாவும்தான். ஆகஸ்ட் 13ஐ காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் மாநிலத்திலேயே, டையர்ஸ்வில் ஊரின் சோளக் கொல்லைக்கு நடுவே, ட்வின்ஸும் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸும் ஆடுகின்றன. காட்டுவது நெட்ஃபிளிக்ஸ். அதற்கு அவர் தமிழ்ப் படம் பார்க்க ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.