தூக்குத் தீர்ப்பு வந்த வீட்டில் முதலில் தேட வேண்டியது

சேலம் கோர்ட்டில் 32 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தூக்குத் தண்டனையே கூடாது என்கிற கட்சி. அதை மேடையில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. இது அவர்களுக்காக எழுதுவது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று சொல்லிவிட்டால் நாளைக்கே போட்டுவிட மாட்டார்கள். ஐகோர்ட்டில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்டு உறுதி செய்கிற வரைக்கும் அதை நிறைவேற்ற முடியாது. கேஸ் கட்டு தானாகவே சென்னை ஐகோர்ட்டுக்குப் போகும், அங்கே ஆர்.டி. (உறுதி செய்வதற்காக வந்த வழக்கு, Referred Trial) என்று ஒரு நம்பர் விழும். தானாகப் போகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நம் தரப்பு அப்பீலை 30 நாளுக்குள் போட்டாக வேண்டும். தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். இருக்கிற ஒரு வீட்டையும் அவசரத்தில் விற்றுவிட வேண்டாம்.

சரி, இனிமேல்தான் உங்கள் வேலை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னவென்றால், அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு. குற்றத்தைப் பார்ப்பது போல குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவன் திருந்த வாய்ப்பே இல்லையா என்று யோசிக்க வேண்டும். 2022இல் மனோஜ் வழக்கில் இன்னும் விளக்கமாகச் சொன்னார்கள். எப்படி வளர்ந்தான், என்ன படித்தான், வீட்டில் அடி உதை உண்டா, வருமானம் என்ன, மனநிலை எப்படி, ஜெயிலில் எப்படி நடந்துகொள்கிறான், எல்லாம் நீதிபதி முன்னால் வர வேண்டும். இதில் பாதி எந்தப் போலீஸ் கட்டிலும் இருக்காது. உங்கள் பரணில், டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

ஏற்காட்டில் நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி, காப்பித் தோட்டத்து வழியாக நடந்து போனால் லயன் வீடு, தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடு. பையன் செய்தது சின்னக் குற்றம் இல்லை, இரண்டு உயிர் போயிருந்தது. ஆத்தாக்காரி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். ரேஷன் கார்டு, பழைய சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்போடு நின்ற டி.சி. அதற்கடியில் நாலாக மடித்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒன்பது வயதில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்து, தலையில் அடிபட்டுப் பதினோரு நாள் படுக்கையில் கிடந்திருக்கிறான். “அதுக்கப்புறந்தான் சாமி அவனுக்கு வலிப்பு வரும், பாத்திரத்தை எறிவான்” என்றார். விசாரணை முழுக்க அந்த அம்மாவிடம் இதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் வைத்திருந்த வக்கீலும் கேட்கவில்லை.

ஆகவே தேடுங்கள். பள்ளிக்கூட டி.சி. தொலைந்திருந்தால் தலைமை ஆசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வயதும் அதில் தெரியும்; குற்றம் நடந்த நாளில் 18 முடியவில்லை என்றால் தூக்கே கிடையாது. ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, அப்பா குடித்துவிட்டு அடித்ததற்கு ஸ்டேஷனில் கொடுத்த மனு ரசீது, எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள்.

“மிகவும் நல்லவர்” என்று கவுன்சிலரிடம் சான்றிதழ் வாங்கி வருவார்கள். அது எதற்கும் உதவாது. வேலை கொடுத்த மேஸ்திரி, வாத்தியார், பக்கத்து வீட்டு அக்கா, இவர்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை வருடத்தோடு சொன்னால் அதற்குத்தான் கனம். குடிப்பழக்கம், பழைய அடிதடி கேஸ் இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும்போது நீங்கள் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும்.

மனநல மருத்துவர் ஜெயிலுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றால் வக்கீல் மனுப் போட வேண்டும், கேளுங்கள். ஜெயிலில் அவனை நேரில் பார்க்கப் போகும்போது அழுதுவிட்டு மட்டும் வராதீர்கள். படிக்கச் சொல்லுங்கள், என்ன வேலை கொடுத்தாலும் செய்யச் சொல்லுங்கள்.

செத்தவர்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்றுகூடப் போகக் கூடாது. அவர்கள் கோபம் நியாயமானது. 2000இல் தருமபுரியில் ஒரு கும்பல் வைத்த தீயில் பஸ்ஸோடு எரிந்துபோன மூன்று கல்லூரிப் பிள்ளைகளின் வழக்கு எங்கள் சேலம் கோர்ட்டில்தான் நடந்தது. 2007இல் மூன்று பேருக்குத் தூக்கு. அந்த அப்பாக்களின் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பேச்சு வராது. ஐகோர்ட் உறுதி செய்தது, 2010இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 2016இல் மறுசீராய்வில், அதாவது தன் தீர்ப்பையே மறுபடி பார்த்தபோது, அதே சுப்ரீம் கோர்ட், கும்பல் வெறியில் நடந்தது என்று ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்றம் அதேதான், பார்த்த கண்தான் வேறு. மகாராஷ்டிரா வழக்கு ஒன்றில் 2009இல் தூக்கு என்று சொன்ன ஆறு பேரை 2019இல் நிரபராதிகள் என்றே விடுவித்தார்கள்.

1995 ஏப்ரல் 27 அன்று எங்கள் சேலம் மத்திய சிறையில், பல கொலை செய்த ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டார்கள். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்த மஞ்சப்பையைப் பார்த்த நாளிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆத்தா அந்தச் சீட்டை அடுப்பெரிக்கப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐகோர்ட் அந்தப் பையனுக்கு ஆயுளாகக் குறைத்தது. ஒரு காகிதம் பரணில் தப்பியதா இல்லையா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது என்றால், அப்படி ஒரு தண்டனை சட்டத்தில் இருக்கவே கூடாது. அது எடுக்கப்படுகிற வரைக்கும் பைகளைக் கொட்டித் தேடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஐகோர்ட்டில் தோற்றால் சுப்ரீம் கோர்ட். அங்கேயும் தோற்றால் மறுசீராய்வு. 2014 முதல் தூக்கு வழக்கில் அதை மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் கேட்கிறார்கள். அதன்பிறகு கருணை மனு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இதற்குக் கெடு வைத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்ததை ஜெயில் சூப்பிரண்டு கைதியிடம் சொன்ன நாளிலிருந்து 30 நாள். முதலில் கவர்னருக்கு அனுப்பலாம். அவர் மறுத்தால் அன்றிலிருந்து 60 நாளுக்குள் ஜனாதிபதிக்கு. சொந்தக்காரர்களும் மனுக் கொடுக்கலாம். சூப்பிரண்டு சொன்ன அன்றே உங்களுக்கும் தகவல் வரும்படி உள்ளே இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள், பையிலிருந்த எல்லாக் காகிதத்துக்கும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள், அசலை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.