படகு கரையேறிய பிறகு: பழுது முடியும்வரை இருவர் வாழ்வது எப்படி?

நீங்கள் இருவரும் வீடாகக் கொண்டு கடற்பயணம் செய்யும் பாய்மரப் படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றி, அது சாயாமல் இருபுறமும் தாங்கும் முட்டுக்கால்களின் மேல் நிறுத்திய முதல் நாளே பட்டறைக்காரரிடம் "எப்போது முடியும்?" என்று கேட்கத் தோன்றும். அதைக் கேட்காதீர்கள். கேட்டால் அவர் மரியாதைக்காக ஒரு தேதியைச் சொல்வார். நீங்கள் அதை நம்பி மளிகை வாங்குவீர்கள், உறவினர்களுக்குச் செய்தி அனுப்புவீர்கள், பிறகு அந்தத் தேதி கடந்துபோகும்போது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவீர்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த வேலை எது, அது எதற்காகக் காத்திருக்கிறது, அதைச் செய்யப்போவது யார்? புரொப்பல்லர் தண்டு, அதன் பேரிங்குக்காகக் காத்திருக்கும். பெயின்ட், அடிப்பாகம் உலர்வதற்காகக் காத்திருக்கும். இந்த வரிசையை ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை அவருடன் சேர்ந்து திருத்துங்கள். பதில் இல்லாமல் நிற்கும் இடம் எதுவோ, அந்த வாரம் நீங்கள் ஓட வேண்டிய வேலை அதுதான்.

பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பது ஓர் உதிரிபாகமாக இருக்கும். உதிரிபாகத்தை வாய்வார்த்தையாகச் சொல்லி வரவழைக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் தண்டும் ஓர் அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். ஒன்றுக்கான பேரிங் மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆகவே வெர்னியர் காலிப்பரால் மூன்று இடங்களில் அளந்து, எஞ்சின் தகட்டிலுள்ள வரிசை எண்ணையும் பழைய பாகத்தின் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பயணத்தின் இடையே நிற்கும் வெளிநாட்டுப் படகுக்கு வரும் பாகங்களுக்குப் பல நாடுகள் சுங்கவரி விலக்கு அளிக்கின்றன. அதற்கு எந்தத் தாளில் எதை எழுத வேண்டும் என்பதைப் பொட்டலம் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும். எங்கள் பொட்டலம் ஒன்றின் விலைப்பட்டியலில் படகின் பதிவு எண் விடுபட்டுப் போனதால், கையளவு பித்தளைப் பாகம் ஒன்று பத்தொன்பது நாள்கள் கிடங்கிலேயே கிடந்தது.

காத்திருப்பு நீளும்போது மனிதர்களின் அனுமதி ஒரு கணக்கிலும் படகின் அனுமதி வேறொரு கணக்கிலும் ஓடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலப் பயணிகள் எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் மட்டுமே தங்கலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகு, வரியின்றி 18 மாதங்கள் வரை இருக்கலாம். படகு இருக்க, அதன் சொந்தக்காரர்கள் வெளியேற வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. எந்த நாடாக இருந்தாலும், என்ன பழுது, என்ன பாகம் வரவேண்டும் என்று பட்டறையிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதால், பழுது அதற்குள் நீண்டால் படகைத் தரையோடு கட்டிவைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

இனி, தரைமேல் நிற்கும் படகில் குடியிருப்பதைப் பற்றிப் பார்க்கலாம். எல்லாப் பட்டறைகளும் இதற்கு அனுமதிப்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரெதிரே நிற்கும் முட்டுக்கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று தினமும் பார்ப்பது நல்லது. ஆனால் அவற்றை நீங்களே நகர்த்தவோ திருகவோ கூடாது. நிழலுக்கு விரிக்கும் தார்ப்பாயை முட்டுக்காலில் கட்டவே கூடாது, ஏனெனில் காற்று தார்ப்பாயைப் பிடித்து இழுத்தால் காலும் சேர்ந்து நழுவிவிடும். பாய்களைக் கழற்றி உள்ளே வைத்தால், படகின்மேல் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். ஏணியின் தலைப்பை மேல்தளத்தோடு இறுகக் கட்டுங்கள். ஏறும்போது இரண்டு கைகளும் ஏணிக்கே உரியவை. காய்கறிப் பை, கருவிப் பெட்டி எல்லாம் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே வரட்டும். பனி பெய்த விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவதுதான், புயலில் பாய் சுருட்டுவதைவிட ஆபத்தானது என்பது என் கணிப்பு.

கடலில் இருந்தபோது யோசிக்காமல் செய்த பல காரியங்கள் இங்கே செல்லாது. சமையலறைத் தொட்டியின் நீர் படகின் பக்கவாட்டுத் துளை வழியாக நேரே கீழே விழும். ஒருநாள் காலை என் மனைவி ஒரே ஒரு தட்டை அலச, அந்த நீர் அப்போதுதான் ப்ரைமர் என்னும் முதல் பூச்சைப் பூசி முடித்த சுக்கானின்மேல் வழிந்தது. சாம்பல் நிறப் பூச்சில் எண்ணெய்க் கோடு ஒன்று மெல்ல இறங்கியதை, தூரிகையும் கையுமாக நின்ற தொழிலாளி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தொட்டிக்குள் ஒரு பேசினை வைத்து, அழுக்கு நீரைக் கீழே எடுத்துச் சென்று ஊற்றுகிறோம். கடல்நீரை இழுத்து இயங்கும் கழிவறையும், கடல்நீரால் குளிரும் குளிர்பதனப் பெட்டியும் பயன்படா. ஆகவே இரண்டு நாளுக்கு மட்டும் காய்கறி வாங்குங்கள், இரவுக்கென்று மூடியுள்ள வாளி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்விக்கும் நீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால், பம்பின் ரப்பர் விசிறி சிறிது நேரத்திலேயே சிதைந்துவிடும். கரை மின்சாரம் இல்லாத இடத்தில் ஈய-அமில பேட்டரியைத் தினமும் அளந்து பாருங்கள். சுமையின்றி ஓய்வில் இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், வெளியே யாரோ இரும்பை அறுத்துப் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டரின் வால்வையே மூட வேண்டும்.

கடல் உயிர்கள் ஒட்டாமல் இருக்கப் பூசும் அடிப்பாகப் பெயின்டைத் தேய்க்கும்போது எழும் தூசி நஞ்சு. இக்காலப் பெயின்டுகள் பலவற்றில் செம்புச் சேர்மங்கள் உள்ளன. வெள்ளீயச் (டின்) சேர்மங்கள் கலந்த பழைய வகைக்குத் தடைவிதித்த பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய படகுகளின் அடியடுக்குகளில் அது இன்னும் இருக்கலாம். நீர் தெளித்தே தேய்க்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் சன்னல்களை அடைத்துவிடுங்கள், செருப்பை ஏணியின் அடியிலேயே விடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, பத்தடி நீள அறைக்குள் இருவர் காத்திருப்பதுதான். எஞ்சினை எட்ட வேண்டுமானால் படுக்கையைப் பிரிக்க வேண்டியிருக்கும். பலகைகள் மேசைமேல் ஏறும். மேசைமேல் இருந்த சாமான்கள் அடுப்பின்மேல் ஏறும். ஸ்பானர் கிடக்கும் இடத்தில் சோறு வைக்க முடியாது என்பதால் சண்டை தொடங்கும், ஆனால் அது ஸ்பானரைப் பற்றிய சண்டை அன்று. நாங்கள் கண்ட ஒரே தீர்வு, மாலை நான்கு மணிக்கு வேலை எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, மேசையையும் படுக்கையையும் மீட்டுவிடுவது. பொறுப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பட்டறையோடு பேசட்டும், மற்றவர் பாகங்களையும் தாள்களையும் பார்க்கட்டும். இருவரும் மெக்கானிக்கிடம் போனால் அவருக்கு இரண்டு விதமான உத்தரவுகள் கிடைக்கும். அவர் தமக்கு எளிதானதைத் தேர்ந்தெடுப்பார். காத்திருப்பதிலும் ஒருவருக்குப் பேசினால் ஆறும், மற்றவருக்குத் தனிமை வேண்டும். ஆகவே வெயிலில் படகு கொதிக்கும் நண்பகல்களில் தனித்தனியே வெளியே போவதில் தவறில்லை. வாரத்தில் ஒருநாள் இருவரும் சேர்ந்து படகு கண்ணில் படாத இடத்துக்குப் போங்கள்.

அடிப்பாகத்தின் கடைசிப் பூச்சை அவசரப்பட்டு முன்கூட்டியே பூசிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் உலர வேண்டும் என்பதோடு, எத்தனை நாளுக்குள் நீரில் இறக்க வேண்டும் என்பதும் பல டப்பாக்களின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே பூச்சு, இறக்கும் நாள் உறுதியான பிறகே வரவேண்டும். அந்த நாளில் கடல்நீர் வால்வுகளும் குழாய்ப் பிடிப்புகளும் இறுகியுள்ளனவா என்று முதலில் பாருங்கள். படகு நீரைத் தொட்டதும் தூக்கு இயந்திரத்தின் பட்டைகளை அவிழ்க்காமல் நிறுத்தச் சொல்லி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் தண்டு வெளியேறும் இடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்றே பயணம் கிளம்பாதீர்கள். ஓர் இரவு துறையிலேயே கட்டிக் கிடந்து, நடுவில் ஒருமுறை எழுந்து அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால், காலையில் பட்டறையின் ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.