தத்துப்பிள்ளை வந்த வீட்டில் சுற்றத்தார் செய்யும் தவறுகள்

காப்பகத்தில் சில ஆண்டுகள் இருந்த பிள்ளை தத்து வழியாக ஒரு வீட்டுக்கு வந்தால், பார்க்க வருபவர்களுக்குக் குறைவிருக்காது. எல்லாரும் பிள்ளையைத் தூக்க வருகிறார்கள். பாத்திரம் கழுவ யாரும் வருவதில்லை. முதல் தவறே அதுதான்.

காப்பகத்தில் ஆயாக்கள் ஷிப்ட் மாற்றி வேலை பார்ப்பார்கள். காலையில் சோறூட்டியவர் இரவில் இருக்கமாட்டார். சில மாதம் கழித்து வேலையை விட்டே போயிருப்பார். அழுதால் இன்னார் வருவார் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு உண்டாவதற்கே வாய்ப்பில்லை. அதனால் சில பிள்ளைகள் விழுந்து ரத்தம் வந்தாலும் யாரிடமும் போகாது. சில பிள்ளைகள் முன்பின் தெரியாதவர் மடியிலும் ஏறி உட்காரும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5 இவற்றை இரு வேறு கோளாறுகளாகப் பிரித்தது.

இரண்டாவது வகையைத்தான் உறவினர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். “யார்கிட்ட வேணாலும் போறான், தங்கமான பிள்ளை” என்று காதுகுத்து வீட்டில் பத்துப் பேர் கை மாறுவான். பெரியவர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று காப்பகத்தில் கற்றுக்கொண்டதை இந்த வீடும் உறுதி செய்துவிடுகிறது. ருமேனியாவின் புகாரெஸ்டில் காப்பகப் பிள்ளைகள் 136 பேரை வைத்து நடந்த நீண்டகால ஆய்வில், நல்ல வளர்ப்புக் குடும்பம் கிடைத்ததும் ஒதுங்கிப்போகும் தன்மை நன்றாகக் குறைந்தது. எவரிடமும் ஒட்டிக்கொள்ளும் தன்மை அந்த அளவுக்குக் குறையவில்லை. மெச்ச வேண்டிய குணமல்ல, கவனிக்க வேண்டிய குணம்.

ஆகவே முதல் மூன்று மாதமாவது சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் தேற்றுவது ஆகிய நான்கையும் பெற்றோர் மட்டுமே செய்யட்டும். பிள்ளை உங்களிடம் கையை நீட்டினால் தள்ளிவிட வேண்டாம். குனிந்து, “அம்மா அங்க இருக்காங்க, வா, அவங்ககிட்ட போலாம்” என்று கூட்டிப்போய் விடுங்கள். வாங்கிவந்த பலகாரத்தை அம்மா கையில் கொடுங்கள். பிள்ளைக்கு அது அவர் கையிலிருந்து போகட்டும். ஒரு நேரத்தில் இரண்டு பேர், அரை மணி நேரம் போதும். உதவத்தான் வேண்டுமென்றால் கேரியரில் சாம்பாரும் பொரியலும் கொண்டுபோங்கள், துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள், கரண்ட் பில் கட்டுங்கள், வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் டியூஷனுக்கு அழைத்துப்போங்கள்.

இதில் பாட்டிமார்களுக்குத்தான் மனவருத்தம். “என் பேரனை நான் தொடக்கூடாதா?” என்ற கேள்வி வரும். பிள்ளை வருவதற்கு முன்பே இது சில மாத ஏற்பாடு என்று சொல்லிவைத்தால் பாதிச் சண்டை குறையும். பிறகு ஆளைச் சேர்க்கும்போது ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும்: முதலில் பாட்டி, அம்மாவும் அதே அறையில் இருக்க ஒரு மணி நேரம், அது பழகியபின் அம்மா அடுத்த அறையில். “ஒரு வாரம் எங்க வீட்ல விட்டுட்டு நீ ரெஸ்ட் எடு” என்பது அன்பான பேச்சுதான். ஆனால் பிள்ளைக்கு அது இன்னொரு இடமாற்றம்.

அடுத்தது, அம்மாவை நம்பாமல் இருப்பது. வெளியில் சமர்த்தாக இருக்கும் பிள்ளை வீட்டில் அம்மாவைக் கடிக்கும், காறித் துப்பும். நெருங்கி வருபவர்தான் விட்டுப்போவார் என்று பழகிய பிள்ளை, நெருங்குகிறவரைத்தான் சோதிக்கும். ஆகவே “எங்ககிட்ட நல்லாத்தானே இருக்கான்” என்ற பேச்சு, அவர் சொல்வதைப் பொய்யாக்குகிறது. “நீயா தேடிக்கிட்டதுதானே” என்பது அதைவிட மோசம். தத்தெடுத்த பெற்றோருக்கும் மனச்சோர்வு வரும், பிரசவித்தவர்களுக்கு வருவதுபோலவே. தூக்கம், சாப்பாடு எப்படியிருக்கிறது என்று கேளுங்கள், அறிவுரையை நிறுத்திவைக்கலாம்.

நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லும் கேலி ஒன்று உண்டு: “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.” இந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லவே கூடாது. “சொன்ன பேச்சு கேக்கலன்னா அங்கயே திரும்பக் கொண்டுபோய் விட்ருவேன்”, “ஹாஸ்டல்ல சேத்துருவேன்”, பூச்சாண்டி, போலீஸ் எல்லாவற்றுக்கும் இதே தடை.

தலையணைக்கடியில் இட்லி கிடந்தால் திருட்டு என்று பெயர் வைக்காதீர்கள். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாமல் இருந்த உடம்பு அது. ஃப்ரிட்ஜைப் பூட்டினால் பதுக்கல் கூடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொடுத்து, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அதன் சொந்த டப்பாவில் வாழைப்பழமோ பிஸ்கட்டோ எப்போதும் இருக்கும்படி வைக்க வேண்டும். காலியானதும் பிள்ளை பார்க்கவே நிரப்புங்கள். தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவது ஒருபோதும் கூடாது.

அறையில் தனியாக விட்டுக் கதவைச் சாத்துவதும் அப்படியே. ஆத்திரத்தில் இருக்கும் பிள்ளையிடம் “ஏன் இப்படிப் பண்ணின?” என்று கேட்டால் அதற்கே பதில் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில், அதைவிடத் தாழ்வாக உட்கார்ந்து, மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பேசாமல் இருங்கள். உடைத்ததை ஒட்டுவது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் அடங்கியபின், கூடவே இருந்து.

பிள்ளையை மல்லுக்கட்டி அழுத்திப் பிடித்துக் கோபத்தை ‘வெளியேற்றும்’ சிகிச்சை என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ‘மறுபிறப்பு’ என்ற பெயரில் துணியில் சுற்றி அழுத்தப்பட்ட 10 வயதுத் தத்துச் சிறுமி மூச்சுமுட்டி இறந்தாள். நடத்திய இருவருக்கும் 16 ஆண்டு சிறை கிடைத்தது.

பள்ளியில் ‘குடும்ப மரம் வரைந்து வா’, ‘கைக்குழந்தைப் படம் கொண்டுவா’ என்ற வீட்டுப்பாடங்களை ஆசிரியர் மாற்றிக்கொடுக்கலாம். பிள்ளையிடம் அந்தப் படமே இருக்காது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவதற்குப் பதில் ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது.

இணையத்தில் இருக்கும் அறிகுறிப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டிவிடுவதும் பரவலான தவறு. ஒதுங்கும் வகைக் கோளாறு என்று மருத்துவர் சொல்ல, பிள்ளையின் வளர்ச்சி வயது 9 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அறிகுறிகள் 5 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆட்டிசம் இல்லையென்றும் உறுதிப்பட வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். காது, கண், ரத்தச்சோகை மூன்றையும் முதலில் பாருங்கள். மருத்துவரிடம் குறைகளை அடுக்கும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம்; எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இந்தியத் தத்தெடுப்பு விதிகளின்படி, பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலை அறிக்கை எழுதப்படும். அந்த அறிக்கைக்காகத் தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து வருகிறவரிடம் ‘எல்லாம் நல்லாயிருக்கு’ என்று பல குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். ஒத்துப்போவதில் சிக்கல் என்றால் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. கடிப்பது, தூங்காமல் இருப்பது எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவைத்துச் சொல்லுங்கள். பெற்றோருக்கே தாங்கமுடியாத இரவென்றால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸில், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது, அவர்கள் போனில் பேசி முடிக்கும்வரை மூத்த பிள்ளையைத் தன் வீட்டில் உட்காரவைத்துக்கொள்வது.