60 கி.மீ. வேகத்தில் உதறும் பழைய லாரி: புதுக் கைகள் செய்யும் தவறுகள்

வாளையாறு தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் உதறுகிறது என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழில் பழகும் பையன்கள் உடனே ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தப்புகள்தான் இப்போதும் நடக்கின்றன. வீல் நட், டயர் காற்று போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை, அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டிப் பார்க்காமல் கை வைப்பது

முதலில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். சமமான ரோட்டில், உதறும் வேகம் வந்ததும் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். உதறல் நின்றால் இன்ஜின், கிளட்ச், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் பக்கம் தேடலாம். நிற்கவில்லையா, கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டிலோ சக்கரத்திலோ இருக்கும்.

அப்புறம் அதன் தாளத்தைக் கவனியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் 10.00-20 அளவு டயர் நிமிடத்துக்கு 300-க்குச் சற்று மேல் சுற்றும். கிரவுன் விகிதம், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 6 என்றால் ஷாஃப்ட் 1,800-ஐத் தாண்டும். அதனால் சக்கரக் கோளாறு நொடிக்கு ஐந்து குத்தாகத் தெரியும். ஸ்டியரிங்கில் வந்தால் முன்சக்கரம். ஷாஃப்ட் கோளாறு சீட்டுக்கு அடியில் உம்மென்று இரையும். இதைப் பிரித்தறியப் பழகியவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

எடுத்ததும் புது டயர்

வேண்டாம். இருக்கிற டயரை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அடையாளம் போடாமல் ஷாஃப்டை இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு) மாற்றுவதற்காக ஷாஃப்டைக் கழற்றுவார்கள், ஷாஃப்ட் நீளக் குறுக இடம்கொடுக்கும் பல் வைத்த சறுக்கு மூட்டு தனியாக உருவி வந்துவிடும். திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது, போல்ட் எல்லாம் சரியாகவே உட்காரும்.

ஆனால் சாய்வில் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனைக் கிராஸ்தான் அதை ஈடுகட்டுகிறது. ஷாஃப்டின் இருமுனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே வாட்டத்தில் நின்றால்தான் அது நடக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றும் ஒரு அண்ணன் வண்டியோடு வந்தார். முன்னால் இரண்டும் புது டயர். வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் இரண்டாவது தடவையும் போய்விட்டது. “கிராஸ் மாத்தினதுக்கப்புறம்தான் தம்பி இப்படி ஆடுது” என்றார். அந்த ஒரு வார்த்தையை அதுவரை யாரும் காதில் வாங்கவில்லை. அடியில் படுத்துக் கிரீஸைத் துணியால் துடைத்தேன். ஷாஃப்டில் கம்பெனி குத்திய இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. உருவி நேராகச் செருகினோம், கஞ்சிக்கோடு வரை போய்வந்தோம், உதறல் இல்லை. டயருக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

கழற்றும் முன் மண்ணைத் துடைத்து அம்பைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சென்டர் பஞ்சால் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி குத்துங்கள். சாக்பீஸ் கோடு போட்டால் டீசல் பட்டதும் அழிந்துவிடும்.

ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைச் சுரண்டுவது

அது பேலன்ஸ் எடை. தொடாதீர்கள்.

ஸ்பிரிங் பட்டை சேர்த்ததைக் கேட்காமல் விடுவது

பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டினால் ஆக்ஸில் உயரம் மாறும், ஷாஃப்டின் சாய்வும் மாறும். அதனால் லோடோடு உதறுகிறதா, காலியாக உதறுகிறதா என்று கேளுங்கள். காலியில் மட்டும் என்றால் பட்டை, அதைப் பிடித்திருக்கும் யு-போல்ட், சென்டர் போல்ட் மூன்றையும் பார்த்த பிறகே கிராஸில் கை வையுங்கள்.