குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் இங்கிலீஷ் பழகும் விதம்

வண்டி ஓட்ட வந்த புதிதில் ஒரு வெளிநாட்டுக்காரர் போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வெலிங்டனில் டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். "ஐ ஆம் இன் தி வே சார்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. வண்டியில் ஏறிய பிறகுதான் விளக்கினார். வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு 'ஆன் தி வே'. 'இன் தி வே' என்றால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அர்த்தமாம். நமக்கு இரண்டுமே 'வழியில்'தான்!

என் தப்புகளில் பாதி இப்படித்தான் வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. தமிழில் ஒரே சொல்லாக இருப்பது இங்கிலீஷில் எங்கே இரண்டாகப் பிரிகிறதோ, முதலில் அங்கே உட்காருங்கள். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போனால் மூன்றாம் பாடத்தில் தூக்கம் வந்துவிடும். எனக்கு வந்தது.

'இல்' உருபையே எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு 'இன்', பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 'ஆன்'. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்', குனிந்து ஏறி உட்கார்ந்தே வரவேண்டியது என்றால் 'இன்' என்று வைத்துக்கொண்டேன். நம் மலை ரயில் பெட்டியில் எழுந்து நடக்க ஏது இடம் என்று கேட்காதீர்கள். ரயில் ரயில்தான்.

அந்த ரயிலை வைத்தே 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் பழகினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் பாதை வந்தது. ஆரம்பித்த நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ் 1908'. எவ்வளவு காலம் என்று அளந்து சொன்னால் 'ஃபார் மோர் தன் எ ஹண்ட்ரட் இயர்ஸ்'. இரண்டுக்கும் முன்னால் 'ஹேஸ் பீன் ரன்னிங்'தான் வரும், 'இஸ் ரன்னிங்' வராது. "ஐ ஆம் டிரைவிங் சின்ஸ் டுவெல்வ் இயர்ஸ்" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை.

"டிட் யூ வென்ட் டு தொட்டபெட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததைத் திருத்தியது ஒன்பதாவது படிக்கும் என் மகள். "அப்பா, 'டிட்' வந்துட்டா அடுத்தது ஃபர்ஸ்ட் கியருக்கு எறங்கிடணும்" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் மறக்கவே இல்லை. டிட் யூ கோ, டிட் யூ சீ, டிட் யூ ஈட்.

தினமும் செய்வது இதுதான். சவாரியில் நான் தடுமாறிய கேள்வியை ராத்திரி ஒரு நோட்டில் எழுதுவேன். மூன்றுக்கு மேல் கிடையாது. பதிலை மகளிடம் காட்டித் திருத்தி, மறுநாள் காலியாக வரும்போது வாய்விட்டுச் சொல்வேன். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வளைவுக்கு ஒரு வாக்கியம் சொல்லலாம். இறங்கும்போது வேண்டாம், கவனம் பிரேக்கில் இருக்கட்டும்.

மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நம்மூர் ஜோடியைத் தேடுங்கள். அவர்கள் காலை இழுத்தால், 'புல்லிங் மை லெக்', நாம் காது குத்துகிறோம். எக்கச்சக்க விலை என்றால் அவர்களுக்கு ஒரு கையும் ஒரு காலும், 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்', நமக்கு யானை விலை, குதிரை விலை. சுலபமான வேலை என்றால் அவர்களுக்குக் கேக், 'எ பீஸ் ஆஃப் கேக்', நமக்கு அல்வா சாப்பிடுவது. ஆனால் அதே அல்வாவைக் கொடுத்தால் கதையே வேறு, இல்லையா? அவர்கள் தொடர்களிலும் ஒரு சொல் மாறினால் அப்படித்தான் ஆகும். அதனால் இரண்டு வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்காமல் எந்தத் தொடரையும் நான் பேச்சில் எடுப்பதில்லை. புரிந்துகொள்வதற்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்கிறீர்களா? ஒரு ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்சீட்டுக்காரர், "மை வைஃப் இஸ் எ பிட் அண்டர் தி வெதர்" என்றார். மழைக்குப் பயப்படுகிறார் போல என்று நினைத்துக் குடையை எடுத்து நீட்டினேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார் மனுஷர். அடுத்த வளைவிலேயே அந்த அம்மா வாந்தி எடுத்துவிட்டார். அதிலிருந்து குடைக்குப் பக்கத்தில் நாலைந்து காகிதப் பையும் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவருக்குத்தான் இங்கே தடையாயிற்றே.