காட்டுத் தடத்தில் வண்டி நின்றால்: பழுதுபார்க்கும் பையை அடுக்கும் முறை

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓடும் மணல் தடத்தில் நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால், அங்கே பஞ்சர் கடையும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. ஜீப் வகை வண்டியைப் புதிதாக வாங்கிய ஒருவர், கடலூர், புதுச்சேரி வட்டாரத்துத் தடங்களுக்கோ கல்வராயன் மலைப் பக்கமோ போவதற்கு முன்னால், என்னென்ன கருவிகளை எப்படி எடுத்து வைப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

தொடங்கும் முன் ஓர் அளவுகோலை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். காட்டில் நாம் செய்வது முழுமையான ரிப்பேர் அல்ல. வண்டியைத் தார்ச்சாலை வரை நகர்த்திக் கொண்டுவந்து சேர்க்கும் தற்காலிக வேலை மட்டுமே. ஆகவே, ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இது தார்ச்சாலை வரை கொண்டுசேர்க்குமா, இதை நான் வீட்டு வாசலில் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்த்திருக்கிறேனா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்தப் பொருள் வெறும் சுமைதான்.

முதல் படி: போகும் தரையைத் தெரிந்துகொள்ளுதல்

நம் பக்கத்தில் தரை பல விதம். கேப்பர் மலைப் பகுதியிலும் ஆரோவில்லைச் சுற்றியும் செம்மண்; பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி முந்திரிக் காடுகளில் மணல் கலந்த செம்மண்; பாகூர்ப் பக்கத்து வயல்வெளிகளில் களிமண். செம்மண் தடத்தில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, களிமண் தடத்தில் சக்கரம் இறங்கினால் மண்வெட்டி இல்லாமல் மீள்வது கடினம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு, அது சீமைக் கருவேல முள். கடற்கரை மணலை மட்டும் விட்டுவிடுங்கள். ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை அது, அங்கே சக்கரத்துக்கு வேலை இல்லை.

இரண்டாம் படி: டயருக்கான பொருள்கள்

பையில் பாதி இடத்தை டயருக்கே ஒதுக்குங்கள், ஏனெனில் காட்டுத் தடத்தில் முதலில் அடிவாங்குவது அதுதான். உங்கள் டயர் டியூப்லெஸ் வகை என்றால், துளையைச் சீராக்கும் திருகு அரம், துளையை அடைக்கும் ரப்பர்த் திரியைக் கோத்துச் செருகும் ஊசி, பத்துப் பதினைந்து திரிகள், ரப்பர் சொல்யூஷன், திரியை நறுக்க ஒரு பிளேடு ஆகியவை வேண்டும். டியூப் உள்ள பழைய டயர் என்றால் இவற்றால் பயனில்லை. மாற்று டியூப் ஒன்றும், டயரைக் கழற்றும் நெம்புகோல்கள் இரண்டும், ஒட்டும் பேட்சுகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முள்ளைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கும் முன், அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரமும் ஊசியும் அதே சாய்வில்தான் உள்ளே போக வேண்டும். அரத்தில் சொல்யூஷனைத் தடவி, துளையில் ஏழெட்டு முறை உள்ளும் வெளியுமாகச் செலுத்துங்கள். முதல் இரண்டு முறை கை வலிக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். திரியை ஊசிக் காதில் பாதி வரை கோத்து, அதிலும் சொல்யூஷன் தடவி, இரண்டு நுனிகளும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தெரியும் வரை அழுத்தி இறக்கிவிட்டு, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். திரி உள்ளேயே தங்கிவிடும். காற்றடித்த பின் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, குமிழி வரவில்லை என்றால் நுனிகளை நறுக்குங்கள். டயரின் பக்கச் சுவரில் கிழிசல் விழுந்திருந்தால் திரியை நம்பாதீர்கள். அதற்கு ஸ்டெப்னி என்னும் உதிரிச் சக்கரம் ஒன்றே வழி. சீமைக் கருவேல முள் சில நேரம் டயரின் மேற்பரப்போடு முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், டயரைச் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேட வேண்டும்.

காற்றழுத்த மானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் ஜோடியாக இருக்க வேண்டும். ஆழ்ந்த மணலில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து மிதக்கும். ஆனால் அந்த நிலையில் வளைவில் ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை மறுபடி நிரப்பியே தீர வேண்டும். கம்ப்ரசர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதாகப் பாருங்கள். டேஷ்போர்டு சாக்கெட்டில் செருகும் வகை பெரிய டயருக்குத் திணறும். என் வண்டியில் அப்படி ஒன்றைச் செருகி, இரண்டாவது டயரிலேயே ஃபியூஸ் போயிற்று.

மூன்றாம் படி: ஜாக்கியும் பலகையும்

வண்டியோடு வரும் ஜாக்கி தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் முந்திரித் தோப்பு ஒன்றில் பின் சக்கரத்தைக் கழற்ற நான் பாட்டில் ஜாக்கியை ஏற்றியபோது, வண்டி உயரவில்லை. ஜாக்கிதான் சத்தமில்லாமல் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை தோண்டி எடுத்து மூன்று முறையும் புதைத்தேன். முந்திரிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, “தம்பி, மணல்ல ஜாக்கி நிக்காது, அடியில பலகை குடுப்பா” என்று சொல்லி, கொட்டகைக் கதவுக்குப் போட்டிருந்த பழைய பலகைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து, இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மரக்கடையில் வெட்டு மிச்சமாகவே கிடைக்கும்.

அதோடு, சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டைகள், வீல் ஸ்பேனர், அதன் கைப்பிடியில் மாட்டி நீட்டிக்க ஓர் இரும்புக் குழாய் ஆகியவற்றையும் எடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள்; மாட்டும்போது ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முடுக்குங்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்துக்கு (சேஸி) அடியில் தள்ளி வைத்துவிட்டால், ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்தினமே பாருங்கள். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில், 1904-இல் விற்பனைக்கு வந்த உதிரிச் சக்கரத்தின் பெயர்தான் இன்று நம்மூர் பஞ்சர் கடை வரை வந்து நிலைத்திருக்கிறது.

நான்காம் படி: ஸ்பேனர்கள்

கடையில் விற்கும் நூறு உருப்படிப் பெட்டி தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சுற்றி வந்து, பேட்டரி முனை, ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர், அடித்தட்டு என ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டிப் பார்த்து, பொருந்தும் அளவுகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 8, 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளில் அடங்கிவிடும். இவற்றோடு ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர், எல் கீ ஒரு கட்டு, சுத்தியல், தலையில் மாட்டும் விளக்கு. கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம். தனியாக இருக்கும்போது அதைப் பிடிக்க ஆள் இருக்காது.

ஐந்தாம் படி: ஒழுகலும் வயரும்

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே இரண்டு ஹோஸ் கிளிப்புகளை முடுக்குங்கள். எஞ்சின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்க் கலத்தில் கல் பட்டு எண்ணெய் கசிந்தால் எம்-சீல் போன்ற பிசைந்து ஒட்டும் பசை உதவும், ஆனால் இடத்தை நன்கு துடைத்துக் காயவைத்தால்தான் பிடிக்கும். டீசல் தொட்டியில் மயிர்க்கோடாகக் கசிவு இருந்தால், துணி துவைக்கும் பார் சோப்பை அழுத்தித் தேய்ப்பது பழைய டிரைவர்களின் வழி. தார்ச்சாலை வரை அது தாங்கும். எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இரண்டு லிட்டர், குடிநீர் தனியாக ஐந்து லிட்டர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எனவே சீல் உடைக்காத சிறு டப்பாவாக வாங்குங்கள், உங்கள் வண்டிக்கு உரிய வகையே வேண்டும்.

மின்சாரப் பக்கம் 10, 15, 20, 30 ஆம்ப் ஃபியூஸ்கள், சில மீட்டர் வயர், இன்சுலேஷன் டேப், இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிள், வோல்ட் அளக்கும் சிறு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறவில்லை என்றால் பழுது பேட்டரியில் அல்ல, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில். கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் டேக், பழைய டியூப்பிலிருந்து நறுக்கிய ரப்பர்ப் பட்டைகள் ஆகியவற்றுக்கு இன்ன வேலை என்று சொல்ல முடியாது. தொங்கும் எதையும் இவை கட்டும்.

ஆறாம் படி: இழுவைக் கயிறு

கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் படகுக் கயிறு சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வெயிலில் காய்ந்த பழைய கயிற்றை வாங்காதீர்கள். வண்டியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் என்று எழுதப்பட்ட பட்டைக் கயிறும், மாட்ட டி ஷேக்கிள் என்னும் இரும்புக் கொளுவிகள் இரண்டும் வேண்டும். பம்பரில் கட்டாமல், சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியிலேயே மாட்டுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு சாட்டையாகத் திரும்பும். மண்வெட்டியும் இரண்டு கோணிச் சாக்குகளும் இருந்தால் பாதி நேரம் கயிறே தேவைப்படாது. சக்கரத்தின் முன் தோண்டி, சாக்கை விரித்து, அதுவும் போதாவிட்டால் காய்ந்த தென்னை மட்டைகளைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள்.

ஏழாம் படி: அடுக்குதல்

கனமானவை கீழே, பின் இருக்கையை ஒட்டி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டப்பட வேண்டும். பள்ளத்தில் குதிக்கும் வண்டிக்குள் ஜாக்கி பறந்து வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பஞ்சர் பொருள்கள் மேலே, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில். ஒரு கிலோ தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் ஓட்டுநருக்கு எட்டும் தூரத்தில். ஸ்பேனர்களை இரும்புப் பெட்டியில் போட்டால் கடகடவென்று ஓசை எழுப்பும். பழைய ஜீன்ஸ் துணியில் அறை அறையாகத் தைத்துச் சுருட்டிக் கட்டினால் சத்தமும் இல்லை, எது காணாமல் போயிற்று என்பதும் காலி அறையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறுவதால், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுருட்டுங்கள்; அன்று செலவான திரியையும் ஃபியூஸையும் மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் குறித்துவைத்து, மறுநாள் கடை திறந்ததும் வாங்கி நிரப்புங்கள்.